குழந்தைகளின் இதயத்தசை நோய்: ஒரு போன் வந்ததால் எழுதுகிறேன்

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாடு முடிந்த பிறகு படியுங்கள்.

மூன்று மாதம் முன்பு, விடிகாலை ஐந்தரை மணிக்கு, ஒரகடத்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். மூன்று வயது மகளுக்கு ஒரு மாதமாக இருமலும் மூச்சிரைப்பும். பக்கத்துக் கிளினிக்கில் சளி என்று சொல்லி ஆவி பிடிக்க வைத்து அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கால் வீங்கிய பிறகுதான் எக்கோ எடுத்தார்கள். இதயம் பலூன் மாதிரி பெருத்திருக்கிறது, தசை சரியாகச் சுருங்கவில்லை, 'டைலேட்டட் கார்டியோமயோபதி' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "சார், வீட்ல எல்லாரும் இனிமே அவ்வளவுதான்னு பேசறாங்க. ஊர்ல இருக்கற நிலத்தை வித்துட்டு ஓடட்டுமா, இல்ல மனசைத் தேத்திக்கட்டுமா?"

நான் வரலாறு நடத்தியவன், மருத்துவன் அல்ல. ஆனாலும் பையன் நம்மிடம் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து படித்ததையும், தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டுச் சரிபார்த்ததையும் என் வழக்கப்படி வரலாறாகவே எழுதுகிறேன். உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி வந்தவற்றில் பாதி தவறு என்பதும் எழுத ஒரு காரணம்.

முதலில் பெயர். 'கார்டியோமயோபதி' என்ற சொல்லே 1957-ல்தான் வந்தது. வாலஸ் பிரிக்டன் என்ற இங்கிலாந்து மருத்துவர் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். ரத்தக்குழாய் அடைப்பு இல்லை, வால்வு பழுது இல்லை, பிறவி ஓட்டை இல்லை, ஆனாலும் இதயத்தின் தசையே கெட்டுப்போயிருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு, 1958-ல், லண்டனில் பிரேதப் பரிசோதனை செய்துவந்த டொனால்ட் டியர் எட்டுப் பேரைப் பற்றி எழுதினார். எல்லோரும் இளவயதினர். பெரும்பாலோர் திடீரென்று விழுந்து இறந்தவர்கள். அறுத்துப் பார்த்தால் இதயத்தின் நடுச்சுவர் தாறுமாறாகத் தடித்திருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு விளையாட்டு விழா ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எட்டாம் வகுப்புப் பையன், 400 மீட்டர் ஓட்டத்தில் முன்னால் வந்துகொண்டிருந்தவன், கோட்டுக்கு முப்பதடி முன்னால் விழுந்தான். எழவில்லை. வெயில் என்றார் ஒருவர், காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான் என்றார் இன்னொருவர், ஊரில் காற்றுக் கருப்பு என்றார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே பிரேயரில் ஒருமுறை அவன் மயங்கி விழுந்திருக்கிறான். நாங்கள் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தோம். என்ன நோய் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஓடும்போதோ விளையாடும்போதோ ஒரு பிள்ளை மயங்கினால் சோடா போதாது, ஈசிஜியும் எக்கோவும் வேண்டும். இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது 1958-லேயே உலகுக்குத் தெரியத் தொடங்கிய விஷயம். எங்கள் பள்ளிக்கு அது வந்து சேரவில்லை. இப்போது பி.டி. மாஸ்டராக இருக்கும் என் மாணவர்கள் நாலு பேராவது இதைப் படிப்பீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பத்தி.

இந்த நோய் ஒன்றல்ல, ஒரு குடும்பம். குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது இதயம் பெருத்துத் தளர்வது. நம் மாணவனின் மகளுக்கு வந்தது அதுதான். அடுத்தது சுவர் தடிப்பது, டியர் கண்டது. மூன்றாவது தசை விறைத்துப்போய் ரத்தத்தை உள்ளே வாங்க மறுப்பது; அபூர்வம், ஆனால் மிகக் கடுமையானது. 2003-ல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தனித்தனியாக வெளிவந்த பதிவேட்டுக் கணக்குகள் ஏறக்குறைய ஒன்றையே சொல்லின: ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் ஒருவருக்குச் சற்று அதிகம். ஒரு வயதுக்குள் இருக்கும் சிசுக்களிடம் அந்த அமெரிக்கக் கணக்கு ஒரு லட்சத்துக்கு 8-ஐத் தாண்டுகிறது. அதனால்தான், பால் குடிக்கும்போது குழந்தைக்கு நெற்றி வியர்க்கிறதா, இரண்டு வாய் குடித்துவிட்டு இளைக்கிறதா, எடை ஏறவில்லையா என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். நம் பாட்டிமார் இதைக் கவனித்துச் சொல்வார்கள். நாம்தான் 'சும்மா இரு ஆயா' என்போம்.

ஏன் வருகிறது? இங்கேதான் எனக்குச் சுவாரசியம் கூடியது. ஒரு பெரிய காரணம் சாப்பாடு என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், 1918-ல் ஓர் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கியது. பெயர் 'பெரிபெரி விசாரணைப் பிரிவு'. ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது. அதுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. பெரிபெரி என்பது தயமின் என்ற பி1 வைட்டமின் பற்றாக்குறை. தீட்டிய பச்சரிசியை மட்டும் நம்பி வாழ்ந்த இடங்களில் வந்தது. பெரியவர்களுக்குக் கால் மரக்கும், வீங்கும். பயங்கரம் கைக்குழந்தைகளுக்கு. தாயின் பாலில் தயமின் இல்லாததால், இரண்டு மூன்று மாதக் குழந்தையின் இதயம் பெருத்து, அழுகைச் சத்தம் கூட வெளியே வராமல், சில மணி நேரத்தில் போய்விடும். அதே குழந்தைக்கு ஓர் ஊசி தயமின் போட்டால் சில மணி நேரத்தில் கண் திறந்து பால் குடிக்கும். 'இதயம் பெருத்துவிட்டது, அவ்வளவுதான்' என்ற பேச்சு பொய்த்துப்போன முதல் இடம் இதுதான்.

மெக்காரிசனுக்குப் பின் குன்னூருக்கு வந்த அய்க்ராய்ட் ஒரு விசித்திரத்தைக் கவனித்துப் பதிவு செய்தார். சென்னை மாகாணத்தின் வடக்குக் கடலோர மாவட்டங்களில், இன்றைய ஆந்திரப் பகுதியில், பெரிபெரி இருந்தது. தமிழ்ப் பகுதிகளில் கிட்டத்தட்ட இல்லை. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி. இங்கே புழுங்கல். நெல்லை வேகவைக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிமாருக்கு தயமின் என்றால் என்னவென்று தெரியாது. இன்று கல்யாண வீட்டில் புழுங்கல் அரிசி போட்டால் முகம் சுளிக்கிறோம் என்பது வேறு கதை.

பெரிபெரி பழைய கதை என்று விட்டுவிடலாம். ஆனால் 2008-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தென்கிழக்கு இங்கிலாந்தில் 2000-க்கும் 2006-க்கும் இடையில் இதயம் செயலிழந்து வந்த 16 கைக்குழந்தைகள். இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த அல்லது கறுப்பினக் குடும்பங்கள். எல்லோருக்கும் வைட்டமின் டி பற்றாக்குறை, அதனால் கால்சியம் அடிமட்டத்தில். கால்சியம் இல்லாமல் இதயத்தசை சுருங்காது. மூன்று குழந்தைகள் இறந்துவிட்டன. இரண்டு குழந்தைகளை இதய மாற்று சிகிச்சைக்கே அனுப்பியிருந்தார்கள். பிழைத்தவர்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்ததும் இதயம் தேறியது. மருந்துக்கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து! நம் ஊரில் குழந்தைநல மருத்துவர்கள் ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு எழுதிக் கொடுப்பது இதையெல்லாம் நினைத்துத்தான். 'தாய்ப்பால் இருக்கும்போது எதுக்கு' என்று அந்தப் பாட்டிலை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடும் மருமகள்களும் மாமியார்களும் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பிறவியிலேயே தவறான இடத்தில் முளைத்திருந்தாலும் எக்கோவில் இதே மாதிரிதான் தெரியும்; அறுவை செய்தால் சரியாகும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் வீக்கம் பலருக்குத் தானே இறங்கும். ஆகவே நல்ல மருத்துவர் முதலில் தேடுவது, திருப்ப முடிந்த காரணம் ஏதாவது இருக்கிறதா என்றுதான்.

அடுத்தது பரம்பரை. 1990-ல் அமெரிக்காவில் சைட்மன் தம்பதியர் குழு, கனடாவின் ஒரு பெரிய பிரெஞ்சுக் குடும்பத்தை வைத்து, தடித்த இதய நோய்க்கான முதல் மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தது. நமக்கு நெருக்கமானது 2009-ல் வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பி-யின் தங்கராஜ் முதலியோர் சேர்ந்து 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு பிழை. தெற்காசியர்களில் நூற்றில் நாலு பேரிடம் இருக்கிறது. சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்று கணித்தார்கள். பிள்ளை பெற்று வளர்க்கும் வயதைத் தாண்டிய பிறகே பெரும்பாலும் தொந்தரவு தருவதால் அது தலைமுறை தலைமுறையாகத் தப்பி வந்திருக்கிறது.

உடனே பத்திரிகைகளில் 'இந்தியர்களைக் கொல்லும் மரபணு' என்று தலைப்பு. பயப்பட வேண்டாம். 2018-ல் வந்த இன்னோர் ஆய்வு, அந்தப் பிழை உள்ளவர்களில் கூடவே வேறொரு மாற்றமும் இருப்பவர்களுக்கே ஆபத்து கூடுதல் என்று காட்டியது. நூற்றில் நாலு பேர் என்பது நூற்றில் நாலு நோயாளி அல்ல. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொந்தங்கள் கோபித்தாலும் சரி. குழந்தைப் பருவத்தில் வரும் சில வகைகள், உதாரணமாகப் பாம்பே நோய், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் வரும். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டும் நம் வழக்கத்தில் அதற்கு வாய்ப்பு கூடுகிறது. நம் வீட்டில் மூன்று கல்யாணம் அப்படித்தான் நடந்தது. நானே முன்னின்று தாம்பூலம் மாற்றினேன்.

இனி கடைசி வழி, இதய மாற்று. இதன் கதை நம் மாவட்டத்துக்கே வந்து சேர்கிறது.

1967 டிசம்பர் 3, கேப்டவுன், கிறிஸ்டியான் பர்னார்ட். அது எல்லோருக்கும் தெரியும். மூன்றே நாள் கழித்து நியூயார்க்கில் கான்ட்ரோவிட்ஸ், பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத குழந்தைக்கு இதயம் மாற்றினார் என்பது பலருக்குத் தெரியாது. அது சில மணி நேரமே வாழ்ந்தது. 1968 பிப்ரவரியில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பி.கே. சென் முயன்றார், அந்த நோயாளியும் சில மணி நேரம்தான். உடல் பிறர் உறுப்பை ஏற்க மறுப்பதுதான் தடை. நார்வே நாட்டு மண்ணில் எடுத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்த சைக்ளோஸ்போரின் மருந்து 1980-களில் அந்தத் தடையைத் தளர்த்தியது. 1985-ல் கலிபோர்னியாவில் லெனார்ட் பெய்லி நாலு நாள் குழந்தைக்கு இதயம் மாற்றினார். அந்தக் குழந்தை வளர்ந்து ஆளானது.

இந்தியாவில் 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் நிறைவேறியது. மூளைச்சாவை மரணமாக ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் வேணுகோபால் முதல் வெற்றி கண்டார். தமிழ்நாட்டில் கே.எம். செரியன் தொடர்ந்தார். ஆனால் சட்டம் இருந்தும் இதயம் கிடைக்கவில்லை. நம் மாநிலத்தின் பெயர் அப்போது வேறு விஷயத்தில் கெட்டிருந்தது. சிறுநீரகம் விற்றவர்கள் நிறைந்த வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர். 2007-ல் எண்ணூர் பக்கம் சுனாமியில் வீடிழந்த மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வெடித்தது. அந்த அவமானத்திலிருந்துதான் 2008-ல், இறந்தவர் உறுப்புகளை ஒழுங்காகப் பதிந்து, வரிசைப்படி பங்கிடும் அரசுத் திட்டம் உருவானது. ரத்தநாள அறுவை நிபுணர் அமலோற்பவநாதன் அதை முன்னின்று நடத்தினார்.

அந்த அரசாணைகளின் மை காயும் முன், 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தில் ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையன் பைக் விபத்தில் தலையில் அடிபட்டான். அப்பா அசோகன், அம்மா புஷ்பாஞ்சலி, இருவரும் மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் வலி குறைந்திருக்காது. மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். சென்னை நகரின் நடுவிலிருந்து முகப்பேர் வரை போலீஸ் சிக்னல்களை நிறுத்தி வழிவிட, 11 நிமிடத்தில் இதயம் போய்ச் சேர்ந்தது. அங்கே செரியன் குழுவினர் அதைப் பெங்களூரைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தினார்கள். மலையாள 'டிராஃபிக்', தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' படங்களுக்கு வித்து இந்தச் சம்பவம்தான்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு வழியாகத் திருக்கழுக்குன்றம் ஒரு மணி நேரப் பயணம். அப்போது எல்லாம் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா என்று இளைஞர்கள் பைக் வாங்கத் தொடங்கிய காலம். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டிய காலமும் கூட. இன்னும் ஓட்டுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் அதே பெங்களூர் நெடுஞ்சாலையில் வேலூரிலிருந்து சென்னைக்கு இதயங்கள் ஆம்புலன்ஸில் போயிருக்கின்றன. 2014 டிசம்பரில் பெங்களூரில் மூளைச்சாவடைந்த, இரண்டு வயது நிறையாத குழந்தையின் இதயம் விமானத்தில் வந்து, அடையாறு ஃபோர்டிஸ் மலரில், தசை விறைத்த நோயோடு இருந்த ரஷ்யச் சிறுவனுக்குப் பொருத்தப்பட்டது. 2024-ல் கராச்சியைச் சேர்ந்த 19 வயதுப் பெண்ணுக்கு டெல்லியிலிருந்து வந்த இதயம் சென்னையில் பொருத்தப்பட்டது. அவள் முதலில் இங்கே வந்தது 2019-ல். செலவை மருத்துவமனையும் ஓர் அறக்கட்டளையும் ஏற்றன. இங்கே இறந்த ஒருவர் எந்த நாட்டுப் பிள்ளைக்கோ உயிர் தருகிறார். 2023 செப்டம்பர் 23-லிருந்து உறுப்பு தந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது.

குழந்தைகளுக்குக் கஷ்டம் என்னவென்றால் இதயம் அளவாக இருக்க வேண்டும். ரத்த வகை சேர வேண்டும். எடுத்து நாலு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும். இன்னொரு பெற்றோர், தன் வாழ்க்கையின் மிக மோசமான நாளில், சரி என்று சொல்ல வேண்டும்.

இப்போது அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1,400-க்கு மேற்பட்ட, இதயம் பெருத்த குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு 2006-ல் வந்தது. ஐந்து ஆண்டுக்குள் நூற்றுக்கு 46 பேர் இறந்தனர் அல்லது இதய மாற்றுக்குப் போயினர். கடுமையான எண்தான். ஆனால் மீதி 54 பேர் தங்கள் சொந்த இதயத்தோடு இருந்தார்கள். 2014-ல் வந்த இன்னோர் ஆய்வில், காரணம் தெரியாமல் இதயம் பெருத்த குழந்தைகளில் 22 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டுக்குள் இதயம் இயல்பான அளவுக்கும் வேலைக்கும் திரும்பியிருந்தது. தடித்த இதயம், ஒரு வயதுக்குப் பிறகு தெரியவந்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றில் ஒருவரைத்தான் இழக்கிறோம். இதய மாற்று செய்த குழந்தைகளில் பாதிப்பேர் பதினைந்து ஆண்டுக்கு மேல், கைக்குழந்தையில் செய்தால் இருபதுக்கு மேல் வாழ்வதாக உலகப் பதிவேடு சொல்கிறது. வாழ்நாள் முழுதும் மாத்திரையோடு. 'அவ்வளவுதான்' என்பதற்கும் 'ஒன்றும் ஆகாது' என்பதற்கும் நடுவில் இவ்வளவு இடம் இருக்கிறது.

பணத்தைப் பற்றியும் பேசினோம். அவன் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. போய்விட்டது. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இல்லாததால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இல்லை. கம்பெனி இன்சூரன்ஸ் பாதிதான் தாங்கியது. அந்த நெடுஞ்சாலையில் நம் பிள்ளைகள் பலர் இப்படி இரண்டு பெஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். நிலத்தை இப்போது தொடாதே, முதலில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போ என்றேன். போனான். கால்சியமும் வைட்டமின் டியும் பார்த்தார்கள், சரியாக இருந்தன. ரத்தக்குழாய் பார்த்தார்கள், அதுவும் சரி. வைரஸாக இருக்கலாம் என்கிறார்கள். அவனுக்கும் மனைவிக்கும் பெரிய பையனுக்கும் எக்கோ எடுத்தார்கள். மூவருக்கும் கோளாறு இல்லை.

முதல் எக்கோவில் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளிய ரத்தம் நூற்றுக்கு 22 பங்கு. இயல்பாக 55-க்கு மேல் இருக்க வேண்டும். போன வாரம் 34. தினம் நாலு வேளை மருந்து, உப்பு குறைவு, மாதம் ஒருமுறை பரிசோதனை. மாலை ஷிப்டில் இருக்கும் நாளில் இரவு மருந்தை அவன் அம்மா கொடுக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாததால், பாட்டில்களில் ஒன்றுக்குச் சிவப்பு நூல், ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்குப் பச்சை கட்டி வைத்திருக்கிறான்.

அடுத்த எக்கோ ஆடி பதினெட்டுக்கு மறுநாள். எண் தெரிந்ததும் போன் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். விடிகாலை ஐந்தரை ஆனாலும் பரவாயில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.